டிவைடர் எதற்கு?

பள்ளிக்கூட நாளில் நம் எல்லோரிடமும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. அதற்குள் இருந்த சாமான்களின் உபயோகமும் நமக்கு நன்றாகத் தெரியும். காம்பஸ், பெஞ்சில் பெயர் செதுக்க. ஸ்கேல், முன் பெஞ்சுக்காரன் முதுகில் தட்ட. செட்ஸ்கொயர், அதன் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் டீச்சரைப் பார்க்க. மூடியின் உள்பக்கம், முருகர் படம் ஒட்ட. மொத்தப் பெட்டியும், சில்லறை போட.

ஒன்றுக்கு மட்டும் கடைசி வரை வேலையே தெரியவில்லை. இரண்டு காலிலும் முள். பென்சில் சொருக இடம் கிடையாது. வட்டமும் போடாது, கோடும் போடாது. அதுதான் டிவைடர்.

கணக்கு வாத்தியாரிடம் கேட்டேன்.

"அது டிவைட் பண்றதுக்குடா" என்றார்.

"எதை சார்?"

"உக்காருடா" என்றார்.

உட்கார்ந்தேன். பிறகு பி.காம். சேர்ந்துவிட்டதால் கேள்வி அப்படியே நின்றுபோயிற்று. இருபது வருஷம் கழித்து அதற்குப் பதில் சொன்னவர் எந்த வாத்தியாரும் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற ஒரு பட்டறைக்காரர்.

* * *

என் பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து 2003-ல் ரிடையர் ஆனவர். கால்வாய், மதகு, பாலம் என்று வாழ்நாள் பூராவும் படம் வரைந்தவர். அவர் காலமான பிறகு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, பீரோ லாக்கரைத் திறந்து, ஒரு மரப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

"உன்ற பெரியப்பா இதைத் தொடவே விடமாட்டாரு. அத்தனையும் வெள்ளிடா சாமி. பஸ்ஸுல பாத்துக் கொண்டு போ."

திறந்தேன். உள்ளே நீல வெல்வெட். அதில் ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டிப் படுக்க வைத்திருந்தது. பெரிய காம்பஸ் ஒன்று, அதற்கு மாட்டும் பேனாக் கால் தனி, பென்சில் கால் தனி, கால் எட்டாவிட்டால் நீட்டிக்கொள்ள ஒரு கம்பி தனி. ஸ்பிரிங் வைத்த குட்டிக் காம்பஸ்கள் மூன்று. கோடு போடும் பேனா இரண்டு. நடுவில், எல்லோருக்கும் பெரியவர் மாதிரி, ஒரு டிவைடர். மூட்டில் பொடி எழுத்தில் 'ஸ்டான்லி, லண்டன்' என்று வெட்டியிருந்தது. அறுபது எழுபது வருஷமாவது ஆகியிருக்கும். மூடித் திறந்தால் எந்த இடத்தில் விட்டோமோ அந்த இடத்தில் நின்றது. என் பழைய காம்பஸ் ஐந்து சென்டிமீட்டரில் வைத்தால் வட்டம் முடிவதற்குள் ஐந்தரைக்குப் போய்விடும்.

இதைப் பெரியப்பா 1968-ல் ரிடையரான ஓர் இன்ஜினீயரிடம் 75 ரூபாய்க்கு, மூன்று தவணையில் வாங்கினாராம். காமர்ஸ் படித்தவன் கை சும்மா இருக்குமா? வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் போட்டுப் பார்த்தேன். ஐம்பது வருஷத்தில் புத்தக மதிப்பு இரண்டு பைசா. ஆனால் வெள்ளி விலை? வெள்ளி விலை அன்றாடம் எகிறிக்கொண்டிருந்தது. மறுநாளே நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறிவிட்டேன். ராசிபுரம் தாண்டுவதற்குள் வருகிற பணத்தில் பாதியைச் செலவு செய்தும் முடித்திருந்தேன்.

* * *

பட்டறைக்காரர் டிவைடரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரைகல்லில் ஒரு தேய்ப்பு. ஒரு சொட்டு ஆசிட். என்னை நிமிர்ந்து பார்த்தார். டாக்டர்கள் உறவினரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"ஏனுங்க, இதை வெள்ளின்னு யாருங்க சொன்னது?"

"பெரியம்மா."

"ஜெர்மன் சில்வருங்க. செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி குண்டுமணி கூடக் கிடையாது."

கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் போட்டுத் தருகிற குங்குமச் சிமிழும் இதே வகை உலோகம்தான். பெயரில் மட்டும் வெள்ளி. சரி, துருப்பிடிக்காது, சட்டென்று கறுக்காது, இழைத்தால் கண்ணாடி மாதிரி வரும் என்றுதான் வரைகருவிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். முனைகள் மட்டும் எஃகு.

பெட்டியை மூடப் போனேன். "இருங்க" என்றார். எடை பார்த்த டிவைடரை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. கட்டை விரலால் முனையைத் தடவிப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த ஒரு வெள்ளிப் பட்டையை இழுத்து வைத்தார்.

"தம்பி, இது பத்தே முக்கால் சென்டிமீட்டர் வருமா? வராது. பத்தே கால்? அதுக்கு மேல கொஞ்சம். இதுல ஏழு பூ சமமா வரணும். ஸ்கேல் வெச்சு எனக்குக் குறிச்சுக் கொடுங்க பாக்கலாம்."

அளந்தேன். 10.3. ஏழால் வகுத்தேன். செல்போன் 1.4714285 என்றது. ஸ்கேலில் அப்படி ஒரு கோடு எந்தக் கடையிலும் போட்டுத் தருவதில்லை.

அவர் சிரித்துக்கொண்டே டிவைடரைக் குத்துமதிப்பாக விரித்தார். பட்டையின் ஓரத்தில் ஒரு காலை வைத்து, மற்ற காலை முன்னால் போட்டு, பிறகு பின்கால் முன்னால், இடது பக்கம் ஒரு சுழற்சி, வலது பக்கம் ஒரு சுழற்சி என்று நடக்கவிட்டார். வரப்பில் ஆள் நடப்பது போலவே நடந்தது. ஏழாவது எட்டு பட்டைக்கு வெளியே போய்விட்டது.

"எவ்வளவு தாண்டிச்சு? அதுல ஏழுல ஒரு பங்கு குறைக்கணும்." டிவைடரின் ஒரு காலில் சின்னத் திருகு ஒன்று இருந்தது. (மயிரிழை அளவுக்கு நகர்த்தத்தான் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) அதை லேசாகத் திருகினார். மறுபடி நடை. ஏழாவது எட்டில் முனை, பட்டையின் விளிம்பில் போய் அப்படியே நின்றது.

நம்பரே இல்லை சார்! பத்தும் இல்லை, ஏழும் இல்லை, தசமப் புள்ளியும் இல்லை. கணக்கு வாத்தியார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது டிவைட் பண்றதுக்குத்தான். என்ன, அவர் ஒரு வெள்ளிப் பட்டையைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம்.

"வெள்ளியா இருந்தா எடைக்கு எடுத்திருப்பேன். இல்லாததால ஒண்ணு சொல்றேன். இந்த டிவைடர் மட்டும் ஐநூறு ரூபாய்க்குத் தர்றீங்களா? எங்கிட்ட இருந்தா வேலை செய்யும். உங்ககிட்ட தூங்கும்."

புத்தக மதிப்பு இரண்டு பைசா. விற்பனை விலை ஐநூறு. லாபத்தைச் சதவீதமாகச் சொன்னால் எந்த ஆடிட்டரும் மயங்கி விழுவார். ஆனாலும் "யோசிச்சுச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் போகும்போது இரண்டு சின்னத் தக்கைத் துண்டுகளை எடுத்து முனைகளில் குத்திக் கொடுத்தார். "முனை போச்சுன்னா எல்லாம் போச்சுங்க."

* * *

நகைத் தொழிலாளிக்கும் இந்தக் கருவிக்கும் உள்ள உறவு நேற்றைக்கு வந்ததல்ல. ஆற்காட்டில் பிறந்து சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவர் சையது மொஹ்சின் ஹுசைன். அவர் கைநேர்த்தியைப் பார்த்த கர்னல் பிளாக்கர் என்ற சர்வே அதிகாரி அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போனார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டிருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் கருவிகளைப் பழுது பார்த்தவர்களில் முக்கியமானவர் இந்த ஆற்காட்டுக்காரர். லண்டனிலிருந்து வந்த ஹென்றி பாரோ என்ற கருவி நிபுணர் விலகிய பிறகு, எவரெஸ்ட் பிடிவாதமாகச் சிபாரிசு செய்து, 1840-களில் அதே பதவிக்கு இவர் வந்தார். பதவி அதேதான். பாரோ வாங்கிய சம்பளம் மட்டும் வரவில்லை. (இந்த இடத்தில் ஆபீஸில் உட்கார்ந்து படிக்கும் பல வாசகர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.)

என் பெட்டியில் பெயர் வெட்டியிருந்த ஸ்டான்லியின் கதை இன்னும் சுவாரசியம். வில்லியம் ஸ்டான்லியின் அப்பா, சுவிட்சர்லாந்திலிருந்து வரும் வரைகருவிகள் யானை விலை விற்கின்றன என்று புலம்பினாராம். நம் வீட்டில் அப்பா விலைவாசியைப் பற்றிப் புலம்பினால் நாம் செல்போனைப் பார்ப்போம். இவர் 1854-ல் லண்டனில் கடை போட்டுவிட்டார். முதலில் மரத்தில் 'டி' ஸ்கொயர், செட்ஸ்கொயர். பிறகுதான் காம்பஸும் டிவைடரும். 1866-ல் வரைகருவிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்த கம்பெனி 1999 வரை இருந்தது.

சின்ன வயசில் பெரியப்பா ஒன்றை நம்பிக்கொண்டிருந்தாராம். மேட்டூர் அணைக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். ஆகவே அணையைக் கட்டியதும் காம்பஸ் செய்ததும் ஒரே ஸ்டான்லிதான் என்று. அப்படி இல்லை. மேட்டூர் ஸ்டான்லி, 1934-ல் சென்னை மாகாண கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லி. காம்பஸ் ஸ்டான்லிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அணையை வடிவமைத்தவர் கர்னல் எல்லீஸ்.

ஆனால் காம்பஸுக்கும் அணைக்கும் சம்பந்தம் இருக்கிறது. 1925-ல் ஆரம்பித்து 1934-ல் முடிந்த வேலை. 5,300 அடி நீளம். கம்ப்யூட்டர் கிடையாது. கால்குலேட்டர் கிடையாது. ஒவ்வொரு மதகும், ஒவ்வொரு வளைவும் கையால் வரைந்தது. அங்குலத்துக்கு நூறடி என்று வைத்துக்கொண்டால் அணை காகிதத்தில் 53 அங்குலம். கோடு ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தடித்துவிட்டால், அங்கே நிஜ அணையில் ஓர் அடி! இப்போது புரிகிறதா, முனை போனால் எல்லாம் போயிற்று என்று பட்டறைக்காரர் ஏன் சொன்னார் என்று?

அந்தக் கோடு போடும் பேனா இருக்கிறதே, அதைப் பேனா என்றே சொல்லக்கூடாது. இரண்டு மெல்லிய தகடு, நடுவில் ஒரு திருகு. இடைவெளியில் ஒரு சொட்டு இந்தியன் இங்க் விட வேண்டும். குறைந்தால் பாதிக் கோட்டில் நின்றுவிடும். கூடினால் பொட்டென்று கொட்டி, மூன்று நாள் வேலையின் நடுவில் திருஷ்டிப் பொட்டு. பிளேடால் மூச்சுப் பிடித்துச் சுரண்ட வேண்டும். வரைவது கஞ்சி ஏற்றிய டிரேஸிங் துணியில். தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து காரியம் கெட்டது. வேண்டாத படத்தை வேண்டுமென்றே ஊறவைத்துத் துவைத்தால் உள்ளே அசல் லினன். பெரியப்பாவின் கைக்குட்டைகளில் பாதி, ஒரு காலத்தில் கால்வாய்ப் படங்களாக இருந்தவை.

* * *

இவ்வளவு பெருமை பேசினாலும் இந்த டிவைடர் எங்கள் வீட்டில் ஒரு பாவமும் செய்திருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கணக்கு முடியாது.

எங்கள் சேலம், நாமக்கல் சீமையை வயல் வயலாக அளக்க ஆரம்பித்தது 1792-ல். மைசூர்ப் போர் முடிந்து திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்த வருஷம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் அளந்தார்கள். உதவியாளர்களில் ஒருவர், பிற்பாடு சென்னைக்கே கவர்னரான தாமஸ் மன்றோ. அன்றைக்குத் தொடங்கியது, இன்றைக்கு சர்வே நம்பராகவும் எஃப்.எம்.பி. படமாகவும் நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. எஃப்.எம்.பி. என்பது உங்கள் வயலின் ஜாதகம். இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு மீட்டர். பென்சில் கோட்டின் தடிப்பு அரை மில்லிமீட்டர் என்றால் அதற்குள் அரை மீட்டர் நிலம் ஒளிந்திருக்கிறது. வரப்பு நூறு மீட்டர் நீளம் என்றால் ஐம்பது சதுர மீட்டர். சுமார் ஒன்றேகால் சென்ட். எங்கள் பக்கம் ஒன்றேகால் சென்ட்டுக்கு இரண்டு தலைமுறை பேசாமல் இருப்பார்கள்.

அப்பாவுக்கும் பக்கத்துக் காட்டுப் பங்காளிக்கும் வந்தது அப்படி ஒரு ஒன்றேகால் சென்ட். அதன் மேல் ஒரு தென்னை மரம். இருவரும் பொதுவாக ஒத்துக்கொண்ட மத்தியஸ்தர் பெரியப்பா. அப்பாவுக்கு மனசுக்குள் சந்தோஷம். சொந்த அண்ணன் ஆயிற்றே!

பெரியப்பா படத்தைத் திண்ணையில் விரித்தார். டிவைடரை எடுத்தார். மூலைக்கல்லிலிருந்து வரப்பு வரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தில் கோட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு எடுத்து, அப்படியே கொண்டுபோய் ஸ்கேலில் வைத்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை. பிறகு காட்டுக்குப் போய் டேப் பிடித்தார்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, தம்பி முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"மரம் அவங்களுதுப்பா."

அப்பா நாலு வருஷம் அவரோடு பேசவில்லை. தீபாவளிக்குப் போகவில்லை. அக்கா கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினார், இரண்டு தெரு தள்ளி இருந்த அண்ணனுக்கு. பெரியப்பா கல்யாணத்துக்கு வந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார். மொய்க் கவரில் 101 ரூபாய் இருந்தது. அப்பா அதையும் எண்ணிப் பார்த்தார்.

பிறகு பெரியப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தது. காபி டம்ளர் தளும்பும் அளவுக்கு நடுக்கம். வாழ்நாளெல்லாம் மயிரிழைக் கோடு போட்ட கை. கேள்விப்பட்ட அன்றைக்கு அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தவர், "அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான் போட வரல" என்று மட்டும் சொன்னார்.

* * *

கம்ப்யூட்டர் வந்தது. ஆட்டோகேட் 1982-லேயே வெளிவந்துவிட்டது. பெரியப்பா ஆபீஸுக்கு அவர் ரிடையர் ஆகப்போகும் சமயத்தில் வந்தது. புதுசாக வந்த ஆபரேட்டர் பையனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல ஸ்கேல் என்ன தம்பி?"

"ஸ்கேலே இல்லைங்க சார். நிஜ அளவிலேயே வரையலாம்."

"மேட்டூர் டேமைக் கூடவா? 5,300 அடியும்?"

"முழுசாங்க சார்."

பெரியப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தாராம். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நல்லது. கோட்டுத் தடிப்புல யாரோட நிலமும் போகாது" என்றாராம்.

அவர் சொன்னது நியாயம்தான். மதகுப் படத்தை இன்றைக்கும் கையால்தான் வரைய வேண்டும் என்று நான் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் டிவைடர் இன்னும் செத்துவிடவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் தகட்டில் வட்டம் கீறுவது இரண்டு முள் வைத்த அதே ஜீவன்தான். கப்பல்காரர்கள் காகித வரைபடத்தில் கடல் மைலை அளப்பதும் அதனால்தான். படத்தின் ஓரத்தில் அட்சரேகையில் ஒரு நிமிஷ தூரம் என்றால் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர்.

சேலத்திலிருந்து திரும்பிய அன்று ராத்திரி, பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் அப்பா அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தக்கையை எடுத்துவிட்டு டிவைடரை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"தென்னை மரத்தைக் கொண்டுபோன சனியன் இதுதானே?"

"ஆமாங்கப்பா. ஐநூறு ரூபாய்க்குக் கேக்கறாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முனைகளை வேட்டித் தலைப்பால் துடைத்து, தக்கையைக் குத்தி, நீல வெல்வெட்டில் அதன் பள்ளத்தில் படுக்க வைத்தார்.

"வித்துராதே" என்றார்.

விற்கவில்லை. பட்டறைக்காரருக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். வெள்ளி இல்லை என்பதைப் பெரியம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை; சொல்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாள் காலை பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்ட கொத்தனார் வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மத்தியானம் உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிவைடரை விரித்து, ஒவ்வொரு டைல்ஸ் இடுக்காக நடக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, இது சரியா இருக்கு. இதும் சரி. இந்த ரெண்டுக்கும் நடுவுல மட்டும் ஒரு மயிரிழை கூடுதல். பேத்துட்டு மறுபடி ஒட்டுங்க."